மாதம் 12,000 என்றார்கள். கையில் எவ்வளவு நிற்கும்?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். தக்கலைப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் பகுதிநேரக் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள். மாதம் 12,000, அதில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிப்போம் என்று சொன்னார்களாம். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும், அதனால் கையில் வரப்போவது எவ்வளவு என்று சரியாகத் தெரிந்தால் நல்லது என்கிறார்.

இருபது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்துப் பள்ளி அலுவலகங்களில் சம்பளப் பட்டியல் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். சாதாரண மாதத்தில் உங்கள் அக்கவுண்டில் 10,470 ரூபாய் விழும். ஆனால் அந்த எண்ணை நம்பி மாமியாரிடம் பேசிவிடாதீர்கள். பகுதிநேர வேலையில் மாதக் கணக்கு ஏமாற்றும், வருடக் கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும். பிடித்தம் தின்பது போதாதென்று விடுமுறையும் தின்னும்.

முதலில் அந்த 10,470 எப்படி வந்தது என்று பார்ப்போம். பி.எஃப். உங்கள் பங்கு 12 சதவீதம். 12,000-க்கு 1,440. இ.எஸ்.ஐ. உங்கள் பங்கு முக்கால் சதவீதம், அதாவது 90 ரூபாய். இரண்டும் போக 10,470. பகுதிநேரம் என்பதால் பி.எஃப். கிடையாது என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. பள்ளியில் 20 பேர் வேலை பார்த்தால் பி.எஃப். சட்டம் வந்துவிடும். அந்த 20-ல் டீச்சர்கள் மட்டுமல்ல, வேன் டிரைவர், ஆயா, வாட்ச்மேன் எல்லாரும் சேர்த்தி. சம்பளம் 15,000 வரை உள்ளவருக்குப் பிடித்தே ஆக வேண்டும், முழுநேரமா அரைநேரமா என்ற கேள்வியே அங்கே இல்லை. இ.எஸ்.ஐ.க்கு வரம்பு 21,000. தமிழ்நாட்டில் 2010-ல் வந்த அரசு அறிவிப்புக்குப் பிறகு தனியார் பள்ளிகளும் அதற்குள் வந்துவிட்டன.

வருமான வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். புதிய வரிமுறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை வரி வராது, உங்கள் சம்பளம் அதன் பக்கத்திலேயே இல்லை.

சரி, 12,000 என்று வாயால் சொன்னதற்கு மூன்று நான்கு அர்த்தம் இருக்கலாம். எது உங்களுடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, பள்ளி தன் பங்கையும் சேர்த்து 12,000 என்று சொல்லியிருக்கலாம். பி.எஃப்.பில் நிர்வாகம் 12 சதவீதம் போட வேண்டும், அதன் மேல் நிர்வாகக் கட்டணமும் இன்சூரன்சும் சேர்ந்து இன்னொரு சதவீதம். இ.எஸ்.ஐ.யில் அவர்கள் பங்கு மூன்றேகால். இதையெல்லாம் 12,000-க்குள்ளேயே அடக்கினால் உங்கள் மொத்தச் சம்பளம் 10,322-க்கு இறங்கிவிடும். அதில் உங்கள் பி.எஃப். 1,239, இ.எஸ்.ஐ. 78 போக கையில் 9,005. ஒரே "12,000"தான், மாதம் 1,465 ரூபாய் வித்தியாசம். சேரும்போதே சம்பளம் 10,322 என்று எழுதிக் கொடுத்தால் அது பேரம், சரி. 12,000 என்று ஆர்டரில் எழுதிவிட்டு, பிறகு நிர்வாகப் பங்கையும் உங்கள் சம்பளத்தில் பிடித்தால் அது சட்டத்துக்கு விரோதம். இரண்டுக்கும் வித்தியாசம் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

இரண்டாவது, அடிப்படைச் சம்பளம் 6,000, மீதி 6,000 படிகள் (அலவன்ஸ்) என்று பிரித்து, 6,000-க்கு மட்டும் பி.எஃப். பிடிப்பது. கையில் 11,190 வரும், கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கிற படி அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்ததுதான் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் ஒரு தரப்பே மேற்கு வங்கத்துப் பள்ளி ஒன்றுதான் என்பது எனக்கு இன்றும் சிரிப்பு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும், படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியதைச் சம்பளமாகவே கணக்கிடச் சொல்கின்றன.

மூன்றாவதுதான் அதிகம் பேர் விழுகிற குழி. "உங்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் வேண்டாம் மேடம், கன்சல்டன்ட் மாதிரி வைத்துக்கொள்கிறோம், டி.டி.எஸ். மட்டும் பிடிப்போம்" என்பார்கள். டி.டி.எஸ். என்றால் வருமான வரிக்கென்று முன்கூட்டியே பிடிப்பது. தொழில்முறைக் கட்டணம் என்று காட்டினால் வருடத்துக்கு 50,000-க்கு மேல் போகும்போது 10 சதவீதம் பிடிக்க வேண்டும். 12,000-ல் 1,200 போக 10,800. முதல் கணக்கில் வந்த 10,470-ஐ விட 330 அதிகம் என்று சந்தோஷமாக இருக்கும். ஆனால் பி.எஃப்.பில் நிர்வாகம் போட வேண்டிய பங்கும் போயிற்று, இ.எஸ்.ஐ.யும் போயிற்று. அந்த 1,200-ஐத் திரும்ப வாங்க நீங்களே ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். மணி அடித்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பள்ளி கொடுக்கிற டைம்டேபிள்படி வகுப்பு எடுப்பவர் கன்சல்டன்ட் ஆகமாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, பேங்கில் அந்தத் தொகை விழுந்ததும் ஒரு பகுதியை எடுத்து அலுவலகத்தில் திருப்பிக் கொடுப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதைச் செய்யச் சொல்லித்தான் அந்த இடத்தை விட்டேன். அப்படிக் கேட்டால் கணக்கெல்லாம் போட வேண்டாம், வேறு பள்ளி பாருங்கள்.

இனி தொழில் வரி. இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் இதை உள்ளாட்சிதான் வாங்குகிறது. தக்கலை என்றால் பத்மநாபபுரம் நகராட்சி, மார்த்தாண்டத்திலேயே வேலை என்றால் குழித்துறை நகராட்சி, நாகர்கோவில் என்றால் மாநகராட்சி. கொஞ்சம் தள்ளி உள்ளே போனால் பேரூராட்சியோ ஊராட்சியோ. ஏப்ரல் முதல் செப்டம்பர் ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்று. அரையாண்டு வருமானம் 21,000 வரை வரி இல்லை. அதற்கு மேல் 30,000, 45,000, 60,000, 75,000 என்று படிப்படியாக ஏறும். எந்தப் படிக்கு எவ்வளவு என்பது உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும், ஆனால் வருடத்துக்கு 2,500-ஐத் தாண்டக் கூடாது.

உங்கள் கணக்கு இங்கே ஒரு விளிம்பில் நிற்கிறது. மே மாதம் சம்பளம் இல்லாத வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல்-செப்டம்பர் அரையாண்டில் ஐந்து மாதம்தான் சம்பளம், மொத்தம் சரியாக 60,000. அது "60,000 வரை" என்ற படியில் நிற்கும். அலுவலகத்தில் இருப்பவர் அவசரத்தில் 12,000-ஐ ஆறால் பெருக்கி 72,000 என்று போட்டால் அடுத்த படிக்கு ஏறிவிடும். நானே இந்தத் தப்பைச் செய்து, ஒரு தையல் டீச்சர் வந்து விரல் விட்டு எண்ணிக் காட்டிய பிறகு திருத்தியிருக்கிறேன். இரண்டாவது அரையாண்டில் ஆறு மாதமும் சம்பளம் உண்டு, 72,000, அது மேல் படிதான். கணக்குக்காக முதல் அரையாண்டுக்கு 700, அடுத்ததுக்கு 1,000 என்று வைத்துக்கொள்கிறேன். சரியான தொகையைப் பள்ளியிலோ உள்ளாட்சி அலுவலகத்திலோ கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த மே மாதத்துக்கு வருவோம்.

அரசுப் பள்ளிகளில் 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், ஓவியம், உடற்கல்வி, கம்ப்யூட்டர், தையல், இசை என்று. பதினாறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. சம்பளம் 2021-ல் 10,000 ஆகி, 2024-ல் 12,500 ஆனது. அவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவந்த குறைகளில் முக்கியமானது மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பதுதான். அரசு வேலையிலேயே அப்படி இருந்தது என்றால் தனியார் பள்ளியை என்ன சொல்ல. "பள்ளி லீவுதானே, சம்பளம் எதற்கு" என்பார்கள். அதே மே மாதத்தில் அட்மிஷன் டேபிளில் உட்காரவும், லேபில் சிஸ்டங்களைச் சரிபார்க்கவும் இரண்டு மூன்று நாள் கூப்பிடுவார்கள், அதுவும் உண்டு.

வருடக் கணக்கு இப்படி வரும். 12,000 வீதம் 11 மாதம், 1,32,000. பி.எஃப். 15,840, இ.எஸ்.ஐ. 990, தொழில் வரி 1,700. மிச்சம் 1,13,470. அதை 12-ஆல் வகுத்தால் மாதம் 9,456. மாமியாரிடம் சொல்ல வேண்டிய எண் இதுதான், அதிலும் பஸ் செலவு இன்னும் கழிக்கவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து தக்கலைக்குச் சாதாரண டவுன் பஸ் நேரத்துக்குக் கிடைத்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, செலவு பூஜ்யம். காலை எட்டரைக்கு அந்தப் பஸ்சில் கால் வைக்க இடமில்லாமல் எக்ஸ்பிரஸில் ஏறினாலோ, இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தாலோ காசு. ஒரு நாளைக்கு 40 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 13 நாள், 11 மாதத்துக்கு 143 நாள், 5,720 ரூபாய். கழித்தால் வருடத்துக்கு 1,07,750, மாதம் 8,979. பள்ளியில் இருப்பது நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் மணிக்கு 125 ரூபாய்ச் சொச்சம். வீட்டுக்கு வந்து ரெக்கார்டு நோட்டு திருத்துவது, கேள்வித்தாள் அடிப்பது என்று ஒன்றரை மணி நேரம் சேர்த்தால் மணிக்கு 100 ரூபாய்தான். இதைச் சொல்வது உங்களைத் தடுக்க அல்ல. வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் டியூஷன் எடுத்தால் மணிக்கு என்ன கிடைக்கும் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான்.

அந்தப் பக்கத்தில் வைக்கும்போது பி.எஃப்.பை விட்டுவிடாதீர்கள். பிடித்த 1,440 எங்கும் போய்விடவில்லை, அது உங்கள் பணம். நிர்வாகம் போடுகிற 1,440-ல் 1,000 பென்ஷன் கணக்குக்குப் போகும், 440 உங்கள் பி.எஃப்.பிலேயே சேரும். ஆக மாதம் 1,880, வருடத்துக்கு 20,680. 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம் கொடுத்தார்கள். நம்ம ஊர்ச் சீட்டுக் கம்பெனிகளில் போட்டுவிட்டு ஓடித் திரிந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பென்ஷன் மட்டும் பத்து வருடம் சேர்ந்தால்தான். முன்பு திருவனந்தபுரத்திலோ நாகர்கோவில் ஜவுளிக்கடையிலோ வேலை பார்த்து யு.ஏ.என். நம்பர் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) இருந்தால் அதையே கொடுங்கள், புதிது போட விடாதீர்கள். வருடங்கள் ஒன்றாகக் கூடும்.

90 ரூபாய் இ.எஸ்.ஐ.யும் அப்படித்தான். உங்களுக்கும் கணவருக்கும் குழந்தைக்கும் வைத்தியம். ஆனால் பகுதிநேரக்காரருக்கு இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. உடம்பு சரியில்லாமல் லீவு எடுத்தால் 70 சதவீதச் சம்பளம் தரும் சலுகைக்கு, ஓர் ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். மாதம் 13 நாள் என்று பள்ளி எழுதினால் ஆறு மாதத்துக்குச் சரியாக 78. மே மாதம் சம்பளம் இல்லையென்றால் 65. சந்தா பிடித்திருப்பார்கள், சலுகை கிடைக்காது. அதனால் இ.எஸ்.ஐ.க்கு அனுப்பும்போது மாதத்துக்கு எத்தனை நாள் என்று எழுதுகிறார்கள் என்று கிளார்க்கிடம் கேளுங்கள். மாதச் சம்பளக்காரர் என்று முழு மாதமும் எழுதினால் பிரச்சினையே இல்லை.

இங்கேதான் எனக்குத் தெரிந்த ஒரே பேர வழி. 12,000 வீதம் 11 மாதம் கொடுப்பதற்குப் பதில் 11,000 வீதம் 12 மாதம் கொடுங்கள் என்று கேளுங்கள். பள்ளிக்கு ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை, இரண்டும் 1,32,000-தான். மே மாதம் கையில் காசு இருக்கும், ஜூனில் குழந்தைக்கு யூனிஃபார்ம் எடுக்கிற நேரம் அது. இ.எஸ்.ஐ. நாள் கணக்கும் அறுபடாது. முதல் அரையாண்டு வருமானம் 66,000 ஆகி தொழில் வரி ஒரு படி ஏறும், அந்தச் சில நூறு போனால் போகட்டும்.

மாதச் சம்பளம் இல்லை, பீரியடுக்கு இவ்வளவு என்று கடைசி நேரத்தில் மாற்றினால் மட்டும் ஜாக்கிரதை. பீரியடுக்கு 150, நாளைக்கு நான்கு பீரியட், 13 நாள், 52 பீரியட், 7,800 என்று கணக்குக் காட்டுவார்கள். 52 பீரியட் கிடைக்கிற மாதம் நம்ம மாவட்டத்தில் எத்தனை? நமக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஜூனில் பள்ளி திறந்த கையோடு ஒரு மழை லீவு, ஐப்பசி கார்த்திகையில் கலெக்டர் அறிவிப்பைக் காலை ஆறு மணிக்கு எதிர்பார்த்து உட்கார்ந்திருப்போம். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காடு கொடை, இரண்டுக்கும் உள்ளூர் விடுமுறை. ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள் என்று வரும். அந்தச் சனிக்கிழமைக்கு எந்த நாளின் டைம்டேபிள் என்பதைப் பொறுத்து உங்களுக்கு பீரியட் வரலாம், வராமலும் போகலாம்.

என் மைனி 2017-ல் இப்படித்தான் பீரியடுக்கு 75 ரூபாய் என்று ஓவியம் எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல மாதத்தில் 3,900 வரும். நவம்பர் 30 ஓகி புயல் அடித்தது. மரம் விழுந்து, கரண்ட் இல்லாமல், பள்ளி திறக்கவே நாளாயிற்று. திறந்ததும் அரையாண்டுத் தேர்வு, தேர்வு நாளில் ஓவியத்துக்கு என்ன பீரியட். அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் லீவு. அந்த டிசம்பருக்கு 14 பீரியட், 1,050 ரூபாய் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். தேர்வு ஹாலில் மூன்று நாள் மேற்பார்வைக்கு நின்றாரே என்று கேட்டதற்கு, அது வகுப்பு இல்லையே என்று பதில். வீட்டில் அந்தக் கவரை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குப் போனது இன்றும் கண்ணில் நிற்கிறது. பீரியட் கணக்குத்தான் என்றால், குறைந்தபட்சம் மாதத்துக்கு இத்தனை பீரியடுக்குச் சம்பளம் உண்டு என்று ஒரு எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வு மேற்பார்வையும் பீரியடாகவே எண்ணப்படும் என்ற வரியும் வேண்டும்.

முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்து, வேலையை விடும்போது தருகிற பள்ளிகளும் உண்டு. அப்படியானால் ஜூனில் சேர்ந்து ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் முதல் பணம் பார்ப்பீர்கள். அதையும் இப்போதே கேட்டுவிடுங்கள், பஸ் காசுக்கு வீட்டில் கை நீட்ட வேண்டியிருக்கும்.

சேர்ந்த பிறகு சம்பளச் சீட்டை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். சீட்டில் 1,440 பிடித்ததாக இருக்கும், கட்டியிருக்க மாட்டார்கள். பள்ளி அந்த மாதத்துப் பி.எஃப்.பை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஜூலை கடைசியில் உங்கள் யு.ஏ.என்.-ஐ வைத்து போனில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். ஜூன் மாதத்துக்கு நேராக 1,440, 440, 1,000 என்று மூன்று எண்ணும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆகஸ்டில் ஒருமுறை பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் அலுவலகத்துக்குப் போய், "சார், என் பாஸ்புக்கில் ஜூன் மாதம் ஏறவில்லையே" என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பெரும்பாலும் ஏறிவிடும்.